முதல் தேதி மெத்தைகள்

வரி குறையப் போகிறது என்று செய்தி வந்த அன்று மெத்தைப் பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

கை தட்டியதில் தப்பு ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷமாக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஆலைகள் பாதி நாள் ஓடின, பாதி நாள் பூட்டிக் கிடந்தன. கையில் நாலு காசு வைத்திருந்தவர்களும் நாளைக்கு என்ன ஆகுமோ என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் முதல் அடி மெத்தைக்காரர்களுக்குத்தான். பசித்தால் சாப்பிட்டாக வேண்டும். செருப்பு அறுந்தால் வாங்கியாக வேண்டும். மெத்தை பள்ளம் விழுந்தால்? புரட்டிப் போட்டுப் படுக்கலாம். அந்தப் பக்கமும் பள்ளம் விழுந்துவிட்டால் புருஷனைப் பள்ளத்தில் படுக்கச் சொல்லிவிட்டு மேட்டில் படுத்துக்கொள்ளலாம். ஊரில் பாதிக் குடும்பம் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையின் சொந்தக்காரியை ஊரில் எல்லோரும் மெத்தைக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயசு. காலையில் எவ்வளவு அழுத்தி வாரினாலும் மத்தியானத்துக்குள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் பட்டறை. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு வெட்டு மேஜை, ஜன்னல் ஓரமாகத் தையல் மிஷின், கடைசியில் பஞ்சு பிரிக்கிற அறை. மிஷினில் உட்காருவது தையலக்கா. மெத்தைக்காரம்மாவை விட எட்டு வயசு மூத்தவள், பதினாறு வருஷமாக அதே ஸ்டூல். பஞ்சு அறையில் பஞ்சுக்காரர். வீட்டுக்காரர் வண்டி ஓட்டி மெத்தைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மிச்சம் எல்லா வேலைக்கும், முக்கியமாகப் பேசுகிற வேலைக்கு, அவளுடைய தம்பி. உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்ததால் அவனுக்கு நிபுணர் என்று பேர்.

செய்தி வந்தது மூன்றாம் தேதி. வீட்டுச் சாமான்களுக்கு விற்பனை வரி நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஆறாகக் குறையும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. நிபுணர் சாக்குக்கட்டியை எடுத்து வெட்டு மேஜையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டான்.

"பாரு அக்கா. வரி குறைஞ்சா ஜனங்க கையில பணம் தங்கும். தங்கின பணம் கடைக்கு வரும். கடைக்கு வந்தது ஆலைக்குப் போகும். ஆலைக்குப் போனது சம்பளமா மாறி மறுபடி ஜனங்ககிட்டயே வரும். மந்தம் தீந்துச்சு. அவ்வளவுதான் விஷயம்."

"அந்த வட்டத்துல நாம எங்க தம்பி இருக்கோம்?" என்று கேட்டார் பஞ்சுக்காரர்.

நிபுணர் யோசித்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தான். அப்போதுதான் எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை முதல் போன் டீச்சரிடமிருந்து. நீலப் பூப்போட்ட துணியில் அவர் கேட்டிருந்த மெத்தைக்கு மேல்பக்கம் தைத்தாகிவிட்டது, அடிப்பக்கம் மூட வேண்டியதுதான் பாக்கி.

"நாளைக்கு ரெடியாயிடும் டீச்சர்" என்றாள் மெத்தைக்காரம்மா.

"அவசரமே இல்லம்மா. முதல் தேதி கொண்டு வாங்க. இருபத்தஞ்சு நாள்தானே, பழசுலயே படுத்துக்கறேன். வரி குறையுதாமே."

அதற்கப்புறம் எல்லோரிடமிருந்தும் அதே பாட்டு. ஒரு தலையணைகூட விற்கவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது நிம்மதியாக, சட்டம் கொடுத்த காரணத்தோடு, வாங்காமல் இருந்தார்கள். நோயைத் தாங்கியாகிவிட்டது, மருந்து வரும்வரை தாங்க முடியவில்லை.

"இதைப் பத்தி உன் வட்டத்துல ஒண்ணும் இல்லையா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"இது எதிர்பார்ப்புக்கா. எதிர்பார்ப்புனால வர்ற தற்காலிகத் தேக்கம்."

"தற்காலிகமா சாப்பிடாம இருக்கச் சொல்றியா?"

அவன் மேஜையைத் துடைக்கப் போய்விட்டான்.

அவள் பயந்தது இதற்குத்தான். சேமிப்பில் இருந்ததையெல்லாம் எடுத்து ஏழு மாதமாகச் சம்பளம் கொடுத்து வருகிறாள். இந்த முப்பதாம் தேதிச் சம்பளத்தோடு அது துடைத்துவிட்ட மாதிரி தீர்ந்துவிடும். தூரத்து ஊரில் ஒரு சோபாக் கம்பெனி ஆள் எடுக்கிறது, அதுவும் முதல் தேதி சேருகிறவர்களை மட்டும். தையலக்காவுக்கும் பஞ்சுக்காரருக்கும் வேலை இல்லை என்றால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இழுத்தால் அந்த வேலையும் அவர்களுக்குப் போய்விடும். சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். முதல் தேதி ஊரே மெத்தை கேட்டு வந்து நிற்கும்போது தைக்க ஆள் இருக்காது. தையலக்காவின் மூத்த மகள் வேறு நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம்.

பத்தாம் தேதி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினாள். இந்த மாதம் முப்பதோடு வேலை நிறைவடைகிறது, மன்னிக்கவும், நிலைமை மாறினால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன். நாலே வரி. அதை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எப்பக் குடுக்கப் போற?" என்றார்.

"நாளைக்கு" என்றாள்.

கடிதங்களை மடித்துக் கைப்பையின் உள் அறையில் செருகினாள். பதினோராம் தேதி கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி கொடுத்தேவிடுவது என்று வந்தாள். வந்த இடத்தில் பையின் ஜிப்பு பிய்ந்துகொண்டு வந்தது. தையல்காரி பக்கத்தில் இருக்கும்போது வேறு யாரிடம் போவது? சாவி, பர்ஸ், போன் மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை நீட்டினாள். தையலக்கா பத்தே நிமிஷத்தில் ஜிப்பைப் பிரித்து இரட்டைத் தையல் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே பை போனாத்தான் உண்டு, ஜிப்பு போகாது" என்றாள்.

இப்படித் தைத்துக் கொடுக்கிறவளிடம் எப்படி அந்தக் கடிதத்தை நீட்டுவது? அன்றைக்கும் கொடுக்கவில்லை.

இதற்கு நடுவில் நிபுணர் சும்மா இருப்பானா? முதல் தேதி காலை கடையைத் திறக்கும்போது ஊர் அசந்துபோக வேண்டும் என்று வாசலுக்கு ஒரு போர்டு எழுதச் சொல்லிவிட்டான். எழுதுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆள். நிபுணர் அங்கே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சிக்கனம் பிடித்து, கடைசியில் இப்படி முடித்தான்: "வரி குறைந்தது! விலை குறைந்தது! உள்ளே வாருங்கள்!"

"தேதி எங்கடா?" என்றாள் மெத்தைக்காரம்மா.

"முதல் தேதிதானே அக்கா திறக்கப் போறோம்? திறக்கற அன்னைக்குத் தேதி எதுக்கு? வெட்டிச் செலவு."

பதினைந்தாம் தேதி போர்டை வாசல் மேலே மாட்டி, அதை மறைக்க ஒரு துணியையும் கட்டினான். அதுவாவது பழைய சாக்காக இருக்கக் கூடாதா? புதுச் சரக்கு எடுக்கப் பணமில்லாமல் கடையில் கடைசியாக மிஞ்சியிருந்த நல்ல மெத்தைத் துணி, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது, முழுசாக நாலு மீட்டர். அக்கா திட்டிய திட்டில் கூரைத் தகரமே அதிர்ந்தது. ஆனாலும் வேறு துணி அந்த அகலத்துக்கு இல்லை என்று அப்படியே விட்டார்கள்.

பதினெட்டாம் தேதி காலை அவள் தெருமுனை திரும்பியபோது பட்டறை வாசலில் ஒன்பது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். ஓடினாள். நிமிர்ந்து பார்த்தால் மேலே போர்டு பளபளவென்று நின்றது. துணி இல்லை.

"என்னம்மா, விலை குறைஞ்சுடுச்சா? மத்தவங்க எல்லாம் முதல் தேதிங்கறாங்களே!" என்றார் வரிசையில் முதல் ஆளாக நின்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த முதுகு அவருக்கு.

உள்ளே போனாள். நிபுணர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

தையலக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான்தான் எடுத்தேன். டீச்சர் மெத்தைக்கு அடிப்பக்கம் போடத் துணி இல்ல. நேத்து சாயங்காலம் போறப்போ மேல தொங்குச்சு, எடுத்துத் தெச்சுட்டேன். அதுக்குள்ள போர்டு இருக்கறது ஞாபகம் இல்ல."

"பூப்போட்ட மெத்தைக்குச் சிவப்புக் கோடா?"

"அடியில யாரு பாக்கப் போறா?"

பதினாறு வருஷத்தில் தையலக்கா ஒரு பொத்தானைக்கூட மாற்றித் தைத்ததில்லை. எல்லோருக்கும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு மெத்தைக்காரம்மா அந்தப் பேச்சை விட்டாள். விடாமல் என்ன செய்வது, வாசலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். டீச்சர் மெத்தை ஏற்கெனவே பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு மூலையில் நின்றது.

கணக்கு எளிது. போர்டில் சொன்ன விலைக்கு இன்று விற்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு அவள் கையை விட்டுப் போகும். அவளுக்கு நிற்கிற லாபமே பத்து. திருப்பி அனுப்பினால் ஏமாற்றுக்காரி என்று பேர் வரும், முதல் தேதியும் வர மாட்டார்கள். வாசலுக்கு வந்து என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலேயே வாயைத் திறந்தாள்.

"விலைய அப்புறம் பேசுவோம். முதல்ல உள்ள வந்து படுங்க."

இதைப் புதிதாகக் கேட்பவர்கள் முழிப்பார்கள். ஊர்க்காரர்கள் முழிக்கவில்லை. அந்தப் பட்டறையில் அளவெடுப்பது அப்படித்தான். கட்டிலின் நீள அகலம் மட்டும் போதாது, படுக்கிறவரை வெட்டு மேஜையில் பழுப்புத் தாள் விரித்துப் படுக்கவைத்து, சாக்குக்கட்டியால் சுற்றிலும் கோடு போடுவார்கள். தோள் அழுந்துகிற இடம், இடுப்பு அழுந்துகிற இடம், ஒருக்களித்துப் படுக்கிற ஆளா மல்லாந்து படுக்கிற ஆளா எல்லாம் அந்தத் தாளில் வரும். அந்தந்த இடத்தில் பஞ்சை ஏற்றி இறக்கி வைப்பது பஞ்சுக்காரரின் கை வித்தை. ஒருவருக்குச் செய்த மெத்தையில் இன்னொருவர் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பஸ் டிரைவர் ஏறிப் படுத்தார். தாளைத் தாண்டிக் கால் வெளியே போனது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கொட்டகைக்குள் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். தம்பி கோடு போட, தையலக்கா அளவு சொல்ல, மெத்தைக்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வரி ஆபீசுக்கு ஓடினாள்.

வரி ஆபீஸ் வெறிச்சோடிக் கிடந்தது. யாரும் எதையும் விற்காத மாதத்தில் அங்கே யார் வருவார்கள்? நாலாம் ஜன்னலில் ஓர் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒரு கையை முட்டுக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். இவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பொருளைக் குடுத்துட்டீங்களா?" என்றார் ஜன்னலம்மா.

"இல்ல மேடம்."

"பில் போட்டீங்களா?"

"இல்ல."

"முன்பணம் வாங்கினீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்னதான் செஞ்சீங்க?"

"படுக்க வெச்சோம்."

ஜன்னலம்மா கண்ணாடியைக் கழற்றி இவளைப் பார்த்தார். விளக்கம் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு பெரிய புத்தகத்தை இழுத்துப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"பொருள் கை மாறுற அன்னைக்கு என்ன வரியோ அதுதான். முதல் தேதி குடுத்தா ஆறு. ஆனா ஒண்ணு, முன்பணம்னு ஒத்தைக் காசு வாங்கினாலும் அதுக்கு இன்னைக்கு வரி, பதினெட்டு. வாங்காதீங்க. படுத்ததுக்கெல்லாம் இன்னும் வரி போடலம்மா, பயப்படாதீங்க."

எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அதையும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

பாதி வழியில்தான் அடுத்த பயம் வந்தது. முன்பணம் இல்லாமல் மெத்தை செய்வதா? ஒவ்வொன்றும் ஒருத்தர் முதுகுக்கென்று செய்வது. முதல் தேதி அவர் வேண்டாம் என்றால் அதை வேறு யார் தலையில் கட்டுவது? பஞ்சும் துணியும் எந்தப் பணத்தில் வாங்குவது?

துணி மொத்த வியாபாரியிடம் போனாள். எதற்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன் அவர். இன்றைக்கு அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். கிடங்கு கூரை வரை அடைந்து கிடந்தது, எலிகள் மட்டும்தான் வாடிக்கையாளர்கள்.

"எடுத்துட்டுப் போம்மா. பணம் அடுத்த மாசம் பத்தாம் தேதி குடு. இந்தத் துணி இங்க இருந்து வெளிய போறதைக் கண்ணால பாத்தா போதும் எனக்கு. பஞ்சு மொத்தமா விக்கிறவன் என் மச்சான்தான், அவன்கிட்டயும் நானே சொல்றேன்."

பட்டறைக்குத் திரும்பி வந்தவள் காத்திருந்தவர்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். போர்டு தப்பாகத் திறந்துவிட்டது. ஆனால் போர்டில் சொன்ன விலை நிஜம். இன்றைக்கு அளவு கொடுங்கள், முதல் தேதி மெத்தை உங்கள் வீட்டுக்கு வரும், பணமும் அன்றைக்கே. முன்பணம் வேண்டாம்.

"வாங்காமப் போயிட்டா என்னம்மா பண்ணுவ?" என்றார் பஸ் டிரைவர்.

"உங்க உயரத்துக்கு ஊர்ல வேற ஆளே இல்ல. அதுல நானும் என் வீட்டுக்காரரும் தலைக்குத் தலை நீட்டிப் படுத்துக்குவோம்."

அவர் சிரித்துக்கொண்டே போய்த் தன் மகளையும் மருமகனையும் அழைத்து வந்தார். முன்பணம் கேட்காத கடை என்றதும் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. இருபத்தைந்தாம் தேதிக்குள் நாற்பத்தொரு தாள்கள் சேர்ந்துவிட்டன. நாற்பத்தொரு உருவங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின, ஊரே அங்கே வந்து படுத்துக் கிடப்பது போல. பஞ்சுக்காரர் அறைக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று வெளியே வருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி உள்ளே போவார். தையலக்காவின் மிஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கடிதங்கள் பையிலேயே கிடந்தன. மறந்தாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை பையைத் திறக்கும்போதும் உள் அறைப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை நிபுணர் முகம் செத்துப்போய் வந்தான்.

"அக்கா, சட்டசபையில தகராறாம். வரிக்குறைப்ப இன்னும் மூணு மாசம் தள்ளிப் போடணும்னு ஒரு கட்சி நிக்குதாம். நாளைக்கு மத்தியானம் ஓட்டெடுப்பு."

அவள் வெட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு மெத்தைகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. எல்லாம் துணிக்காரரின் துணி, அவர் மச்சானின் பஞ்சு. பணம் தராத நாற்பத்தொரு வாக்கு.

"இப்ப நிறுத்திடலாமா?" என்று தானாக வாயில் வந்துவிட்டது.

மிஷின் நிற்கவில்லை. "மூணுதான் பாக்கி" என்றாள் தையலக்கா. "பாதியில நிறுத்தின மெத்தைக்கு எந்த வரியும் கிடையாது, விலையும் கிடையாது. நூல எடு."

மெத்தைக்காரம்மா நூலை எடுத்துக் கொடுத்தாள்.

முப்பதாம் தேதி மத்தியானம் நிபுணர் போனை வெட்டு மேஜையின் நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தான். சபையில் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மக்கள் என்றார், இன்னொருவர் கஜானா என்றார். மெத்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பஞ்சுக்காரர் மூக்குத்துணியைக் கழற்றாமலேயே நின்றார். வீட்டுக்காரர் வண்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ ஒருவர் எண்களை வாசித்தார். ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

"நிபுணரே, என்னய்யா ஆச்சு?" என்றார் பஞ்சுக்காரர்.

நிபுணருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கம் வரவில்லை. அழுதுகொண்டே தலையை மட்டும் ஆட்டினான். வரிக்குறைப்பு பாஸ், நாளைக்கே.

மெத்தைக்காரம்மா அடுக்கி வைத்திருந்த மெத்தைகளின்மேல் அப்படியே சாய்ந்தாள். அன்று சாயங்காலம் இருவருக்கும் சம்பளக் கவரைக் கொடுத்தாள். அது மட்டும்தான் கொடுத்தாள்.

முதல் தேதி காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. முதல் வீடு பஸ் டிரைவருடையது. அவர் வாசலிலேயே பணத்தோடு நின்றார். பழைய மெத்தையைத் தெருவில் போட்டு அதன் பள்ளத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட வாக்கு மாறவில்லை. இரண்டு பேர் தலையணையும் சேர்த்துக் கேட்டார்கள். வரிக்குறைப்பு மட்டும் இதைச் செய்துவிடவில்லை என்று மெத்தைக்காரம்மாவுக்குத் தோன்றியது. வாங்கலாம் என்று எல்லோருக்குள்ளும் ஆசை கிடந்தது, யாராவது முதலில் ஆரம்பிக்க மாட்டார்களா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தப் போர்டு மட்டும் அன்றைக்குத் திறக்காமல் இருந்திருந்தால்?

கடைசி வீடு டீச்சருடையது. பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டிலில் சாய்த்தார்கள். சாய்க்கும்போது அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. வெறும் பழுப்புக் காடாத்துணி. எப்போதும் அடியில் போடுகிற அதே துணி. சிவப்புக் கோடு மருந்துக்குக்கூட இல்லை.

"என்னம்மா, ஏதாவது குறையா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ரொம்ப நல்லாத் தெச்சிருக்காங்க."

வண்டியில் திரும்பும்போது வீட்டுக்காரர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஜிப்பு போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரட்டைத் தையலையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு உள் அறைக்குள் கைவிட்டு இரண்டு கடிதங்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு பொடி ஊசித்துளை.

பட்டறையில் புதிதாக ஆறு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் வரி ஆபீஸ் ஜன்னலம்மா, முதுகில் கை வைத்தபடி. நிபுணர் அவருக்குப் பொருளாதாரம் விளக்கிக்கொண்டிருந்தான், பாவம். மெத்தைக்காரம்மா நேராக ஜன்னல் ஓரத்துக்குப் போய், தையல் மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் சிவப்புக் கோட்டுத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. ஒரு கத்திரி படவில்லை.

மிஷின் நின்றது.

"ஜிப்பு தெக்கறப்போ ஊசி உள்ள எதுலயோ குத்துச்சு" என்றாள் தையலக்கா, துணியைப் பார்த்தபடியே. "என்னன்னு எடுத்துப் பாத்தேன். என் பேரு போட்டிருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."

மெத்தைக்காரம்மா இரண்டு கடிதங்களையும் மிஷின்மேல் வைத்தாள்.

"கோபம் இல்லடி" என்றாள் தையலக்கா. "உன்னால குடுக்க முடியல, அதச் சுமந்துகிட்டே அலைஞ்ச. எனக்குக் கேக்க மனசு வரல. முதல் தேதி வரைக்கும் சும்மா இருந்தா நான் வேற ஊர்ல இருப்பேன், நீ இங்க தைக்க ஆளில்லாம நிப்ப. போர்டு என்னடான்னா மூஞ்சிய மூடிக்கிட்டுத் தொங்குது. போற வழியில ஒரு இழு இழுத்தேன்."

"நஷ்டம் வந்திருந்தா?"

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. வாசல்ல ஆளுங்க வந்து நின்னா நீ எப்படியாவது ஒரு வழி கண்டுபிடிப்பன்னு தெரியும்."

மெத்தைக்காரம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கிழித்தாள், இன்னொரு தடவை கிழித்தாள், துண்டு துண்டாக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். பஞ்சு அறையிலிருந்து எட்டிப் பார்த்த பஞ்சுக்காரர், "என்னம்மா அது?" என்றார்.

"பழைய அளவுத் தாள், அண்ணே. தப்பா எடுத்துட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தையலக்கா இழுப்பறையிலிருந்து துணியை எடுத்து உதறி விரித்தாள்.

"நாலு மீட்டர் இருக்கு. அந்த ஆபீஸ் அம்மாவுக்கு இதுலயே வெட்டிடலாமா?"

"வெட்டிடுங்க அக்கா" என்றாள் மெத்தைக்காரம்மா, கத்திரியை எடுத்து நீட்டி.